ஒரு வாய் பச்சைத் தண்ணீர்

உங்கள் நாற்காலியில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் ஓர் இடத்தில் உட்கார வராது. வகுப்பிலும் அப்படித்தான், கரும்பலகையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே பாடம் நடத்துவேன். மாணவர்கள் எனக்குப் பெண்டுலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் இந்த ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்தபடி சொல்கிறேன். ஓடிப்போய்விடுவேன் என்று பயம் வேண்டாம். நானாகத் தேடி வந்தவன் எங்கே ஓடப்போகிறேன்.

நோயாளியைப் பார்த்துக்கொள்ள வந்த ஒரு பெண்ணைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவள் மீது தவறு இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. அதனால் ஒரு பேராசிரியர் பதவியிலிருந்து தொடங்குகிறேன். தட்டச்சு செய்கிற அம்மா, நான் வேகமாகப் போனால் நிறுத்தச் சொல்லுங்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் தத்துவத் துறைக்குத் தலைவர். பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பின்கட்டடத்தில், சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டி, மாடியில் பாதி எங்களுடையது. மீதிப் பாதியில் கால் உடைந்த மேசைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பழங்காலத் தத்துவத்துக்கு எங்களிடம் ஒரு மூத்த பேராசிரியர் இருந்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் காலியாகவே கிடந்தது. துணைவேந்தர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் பேர் சொல்லும்படியான ஒருவரைக் கொண்டுவராவிட்டால் துறையை இழுத்து மூடி, எங்களை நிர்வாகவியலோடு சேர்த்துவிடுவதாகச் சொன்னார். வியாபாரம் படிக்கிறவர்களுக்கு வாரம் ஒரு வகுப்பு நேர்மையைப் பற்றி எடுக்கலாமாம். சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். வெளியே வந்து முழங்கால் வலிக்கும் வரை படிக்கட்டில் ஏறி இறங்கினேன்.

விளம்பரம் கொடுத்தோம். வந்தவர்களைக் குறை சொல்லக் கூடாது. ஒருவர் மாதிரி விரிவுரைக்குக் கொடுத்த நேரம் முழுவதும் தன் புத்தகங்களின் பெருமையையே பாடிவிட்டுத் தண்ணீர் குடித்து உட்கார்ந்தார். இன்னொருவர் நூலகம் எங்கே என்று கேட்கவில்லை, காரை எங்கே நிறுத்துவது என்று கேட்டார். மூன்றாமவரை என் சக ஆசிரியர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர்களில் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாதவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேரிடமும் அவர் ஆமாம் போட்டார். நான் அவரை வேண்டாம் என்றேன். வீட்டில் என் மனைவிக்கு என் மீது கோபம் வர ஆரம்பித்தது அந்த நாட்களில்தான்.

"ஏங்க, தரை தேயுது. உக்காந்துதான் சாப்பிடுங்களேன்" என்பாள். "எதப் பேசினாலும் அந்த சீட்டுலதான் வந்து முடிக்கிறீங்க. எனக்கு அந்த சீட்டு சக்களத்தி மாதிரி ஆயிடுச்சு."

அப்புறம்தான், அந்தப் பெண் வேலை பார்த்த வீட்டுப் பேராசிரியரின் பேச்சைக் கேட்டேன். வேறொரு ஊரில், ஒரு கருத்தரங்கில். நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். மெலிந்த பெண்மணி, தலை முழுக்க நரை, பேசும்போது கையில் ஒரு காகிதம்கூட வைத்துக்கொள்ள மாட்டார். அன்று அவர் எடுத்துக்கொண்டது ஒரு பழைய கேள்வி. நல்லது இன்னதென்று தெரிந்த ஒருவன், தெரிந்தே கெட்டதைச் செய்ய முடியுமா? முடியாது என்று சொன்ன பழைய ஆட்களின் பக்கம் நின்று அவர் வாதாடினார். கெட்டது செய்கிறவன் எவனும் அந்தக் கணத்தில் அதை நல்லது என்று நம்பித்தான் செய்கிறான் என்றார். அதைக் காய்கறிக் கடையில் பேசுகிற மாதிரி அவ்வளவு எளிதாகச் சொன்னார். அவர் முடிக்கும் வரை நான் எழுந்து நடக்கவே இல்லை. இத்தனை வருடம் நான் வகுப்பில் சொல்ல நினைத்து, சொல்லத் தெரியாமல் சொதப்பிய விஷயம் அது. இவர்தான், வேறு யாரும் இல்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

இடைவேளையில் டீக் கோப்பையோடு போய்க் கேட்டேன்.

"உங்க துறையப் பத்தித் தெரியும் சார், நல்ல துறை" என்றார். "ஆனா அக்கா இருக்கற வரைக்கும் நான் இந்த ஊர விட்டு எங்கயும் வர முடியாது."

டீயை ஊதிக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் ரயிலில் திரும்பும்போது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெட்டியின் நடைபாதையில் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சம்பளம் போதாது என்றோ, எங்கள் ஊர் பிடிக்கவில்லை என்றோ சொல்லவில்லை. அக்கா இருக்கிற வரைக்கும் என்றார். மற்றவர்கள் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். எனக்கு அது ஒரு நிபந்தனையாகக் காதில் விழுந்தது.

எடுத்த எடுப்பில் யாரும் விபரீதத்துக்குப் போவதில்லை. நானும் போகவில்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் இருக்கிறது, ஆனால் கதவைக் கையால் இழுத்துச் சாத்தினால்தான் கிளம்பும். முன்னறை முழுக்கப் புத்தகம். உள்ளறையில் கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும் ஆஸ்பத்திரிக் கட்டில். அதில் அக்கா.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து உடம்பில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவராம், ஒரு காலத்தில் ஊரில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியுமாம். குழறிக் குழறித்தான் பேசுவார், ஆனால் குறி தப்பாது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொண்ணு கேட்டு வந்தியா தம்பி? லேட்டாயிடுச்சேப்பா, அவளுக்கு அம்பது தாண்டிடுச்சு" என்றார். பேராசிரியர் சிரித்த சிரிப்பை நான் மேடையில் பார்த்ததில்லை.

அன்று ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். அக்காவுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. தொண்டைத் தசை சரியாக மூடுவதில்லை, தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று பேராசிரியர் விளக்கினார். அதனால் எதைக் கொடுத்தாலும் ஒரு பொடியைக் கலந்து கூழாக்கி, ஸ்பூனில், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்துத்தான் கொடுக்க வேண்டும். தண்ணீரையும் அப்படித்தான். அக்காவுக்கு அந்தக் கூழைக் கண்டாலே ஆகாது.

"பாரு தம்பி, தண்ணியக்கூடப் பசையாக்கி ஊட்டுறாளுங்க. என்னை என்ன சுவத்துலயா ஒட்டப் போறாங்க" என்றார். பேராசிரியர் அடுக்களைப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்தி, "ஒரு வாய் பச்சத் தண்ணி குடுப்பா. யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றார்.

நான் கொடுக்கவில்லை. அன்று கொடுக்கவில்லை. தம்பி என்று கூப்பிட்டு ஒரு வயதானவர் கேட்டும் மறுத்தது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பிறகு நியாயமான வழிகள் எல்லாவற்றையும் பார்த்தேன். அக்காவையும் கூட்டி வந்துவிடுங்கள் என்றேன். தரைத்தளத்தில் வீடு பார்த்துத் தருகிறேன், ஆம்புலன்ஸ் வைத்து அழைத்து வரலாம், எங்கள் மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது என்றேன். அவர் யோசித்துப் பார்ப்பதாகச் சொன்னார், அடுத்த தடவை முடியாது என்றார். அக்கா இந்த ஜன்னலையும் இந்த டாக்டரையும் விட்டு வரமாட்டாள், வழியில் ஏதாவது ஆகிவிட்டால் நான் என்னை மன்னிக்க மாட்டேன் என்றார். வாரத்தில் பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே என்றும் கேட்டுப் பார்த்தேன். துணைவேந்தரிடம் அதற்குப் பேசி ஒப்புதல்கூட வாங்கிவிட்டேன். அதற்கும் தலையாட்டவில்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு நான் இரண்டு ஊருக்கும் அலைந்ததை ரயில்வே சிப்பந்திகளே சொல்வார்கள். எல்லா வழியும் அந்தக் கட்டிலில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா? நன்றி. இந்த அறையில் காற்றே இல்லை.

நான் அடிக்கடி போனதில் அந்த வீட்டில் ஒருவனாகிவிட்டேன். பேராசிரியர் வகுப்பு முடிந்து வருவதற்கு முன்பே போய் அக்காவோடு பேசிக்கொண்டிருப்பேன். பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அதில் நிம்மதி. நல்ல பெண், பொறுப்பானவள். "சார், நீங்க இருக்கீங்கல்ல, நான் ஓடிப்போய் மருந்து வாங்கிட்டு வந்துடறேன்" என்று கீழே போவாள். அப்படி ஒரு நாள் அவள் போனபோது அக்கா மறுபடியும் கேட்டார். தாகத்தோடு கிடந்த ஒரு மனுஷிக்கு இன்னொரு மனிதர் தண்ணீர் கொடுத்தார். நடந்தது அவ்வளவுதான் என்று சொன்னால் அதில் பொய் ஒரு வார்த்தைகூட இல்லை.

கோப்பையில் குழாய்த் தண்ணீர். அக்கா அதைக் குடித்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டார். இருமல் வந்தது, முதுகைத் தடவிக் கொடுத்தேன். அடங்கியதும், "நீ நல்லா இருப்பப்பா" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் அவர் விருப்பத்தைக் கேட்ட ஒரே ஆள் நான்தான் என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

அடுத்த தடவையும் கொடுத்தேன். அதற்கடுத்த தடவையும். எங்கள் இருவருக்குள் அது ஒரு ரகசியமாக, விளையாட்டாக ஆகிவிட்டது. நான் உள்ளே நுழைந்ததுமே அந்தப் பெண்ணைக் கீழே அனுப்ப அக்காவே ஒரு சாக்கு வைத்திருப்பார். இருமல் வரவரக் குறைந்தது. பழகிவிட்டது என்று அவர் நினைத்தார். இருமல் வருவதுதான் நல்லது, சத்தமில்லாமல் உள்ளே இறங்குவதுதான் ஆபத்து என்று மருத்துவக் கல்லூரியில் இருக்கும் நண்பர் சொல்லியிருந்தார்.

இல்லை, நீங்கள் கேட்பது சரி. வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டேன். நண்பரிடம் கேட்டது முதல் தடவை தண்ணீர் கொடுப்பதற்கு முன்பு. கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சொந்தக்காரர் ஒருவருக்கு இப்படி இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். உட்கார்ந்து குடிப்பதைவிடப் படுத்தபடி குடித்தால் இன்னும் மோசம் என்று அவர்தான் சொன்னார். பாவம், அவர் மீது பழி போட வேண்டாம். கட்டிலின் கைப்பிடியை நான் சுற்றியது அதற்குப் பிறகு. தலைப்பக்கத்தைத் தாழ்த்திவிட்டுக் கொடுத்தேன், அந்தப் பெண் வரும் சத்தம் கேட்டதும் மறுபடி உயர்த்தினேன். அக்காவிடம், சாய்ந்து படுத்துக்கொள்ளுங்கள், வசதியாக இருக்கும் என்றேன். அவர் நம்பினார்.

காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி என்றார்கள். மருந்து கொடுத்தார்கள், கொஞ்சம் தேறினார். அந்த வாரமும் போனேன். அந்த வாரமும் கேட்டார், கொடுத்தேன். அடுத்த முறை காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு அக்கா வீடு திரும்பவில்லை.

எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அவரைப் புதைத்த அன்று நான் அழுதேன். வேடத்துக்கு அழவில்லை. அவ்வளவு கிண்டலாகப் பேசும் ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் விவரமானவர். யாரோ தொடர்ந்து தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். வீட்டில் பகலெல்லாம் இருப்பது அந்தப் பெண்தான். பொடி கலக்கச் சோம்பல்பட்டு அப்படியே கொடுத்துவிட்டாள் என்று உறவுக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். நீங்கள் வந்து அழைத்துப் போனீர்கள். அவள் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சந்தேகம் வந்தால்தானே சொல்வாள். சார் வந்தாலே பெரியம்மா கலகலப்பாயிடுவாங்க என்று உங்களிடமே சொன்னாளாமே.

நான் மரியாதைக்குச் சில வாரங்கள் பொறுத்திருந்தேன். அந்த வாரங்கள் எப்படிப் போயின என்று என் மனைவியைக் கேளுங்கள். சாப்பாடு இறங்கவில்லை. வகுப்பில் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போய் நடந்துவிட்டு வருவேன். துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒரு மத்தியானம் பேராசிரியரைப் பார்க்கப் போனேன். உள்ளறையில் கட்டில் அப்படியே இருந்தது. தலைப்பக்கம் உயர்ந்தபடி இருந்தது.

மெதுவாகப் பேச்சை எடுத்தேன். இனி உங்களுக்கு இந்த ஊரில் கட்டு ஒன்றும் இல்லையே என்றேன்.

"சார், நான் எழுதறது, பேசறது எல்லாம் முதல்ல அக்காவுக்குத்தான் சொல்லிக் காட்டுவேன்" என்றார். "அவ பள்ளிக்கூடத்துக்கு மேல படிக்கல. புரியலடின்னா நான் திரும்ப யோசிப்பேன். அவளுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னுதான் எனக்கு யோசனையே வந்தது. இப்ப யாருக்குச் சொல்லிக் காட்ட? நான் வேலைய விடறதா இருக்கேன். இங்கயும் இல்ல, உங்க ஊர்லயும் இல்ல. இனிமே பாடம் எடுக்கறதா இல்ல."

கருத்தரங்கில் என்னை ஓர் இடத்தில் உட்கார வைத்த அந்த எளிமை அந்தக் கட்டிலிலிருந்து வந்தது. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

என் தவறு என்ன என்பது லிஃப்ட்டில் இறங்கும்போது புரிந்துவிட்டது. மறைக்க மாட்டேன். முதலாண்டு மாணவர்களுக்குத் தர்க்கம் எடுப்பது நான்தான். மழை பெய்தால் தெரு நனையும். மழை பெய்யவில்லை, ஆகவே தெரு நனையவில்லை என்று எழுதினால் என்னிடம் மதிப்பெண் கிடையாது. யாராவது குழாயைத் திறந்துவிட்டிருக்கலாம். அதே தவறுதான். அக்கா இருந்தால் வர மாட்டார் என்பது உண்மை. அக்கா இல்லாவிட்டால் வருவார் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. நானே அதைச் சேர்த்துக்கொண்டேன். வருடாவருடம் பிள்ளைகளைக் கேலி செய்த விஷயத்தில் நானே வழுக்கி விழுந்தேன். இனிமேல் அந்தத் தவறு என்னிடம் நடக்காது.

ஆகவே அம்மா, இதைத் தெளிவாக அடியுங்கள். அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தது நான். செத்துப்போவார் என்று தெரிந்து கொடுத்தேன். அவர் சாக வேண்டும் என்று கொடுத்தேன். பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. நான் வரும் நேரம் பார்த்து அவளைக் கீழே அனுப்பினோம். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

மனசாட்சி உறுத்தியதா என்று கேட்கிறீர்கள். உறுத்தத்தான் செய்தது. ஆனால் இன்றைக்கு ஏன் வந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாக்குமூலம் முழுமையாகாது. அன்று கதவருகே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் பதவிக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள் என்றேன். பேராசிரியருக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது.

"ஒண்ணும் செய்யாத பொண்ணு உள்ள கெடக்கறா. அவதான் எங்க அக்காவ அம்மா மாதிரி பாத்துக்கிட்டா. அவ வெளிய வர்ற வரைக்கும் இந்த வேலையப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்த பேசாதீங்க சார்" என்றார்.

அந்த வாக்கியத்தோடுதான் ரயில் ஏறினேன். வழி முழுவதும் நடந்தேன்.

அவளை இன்று சாயங்காலத்துக்குள் விட்டுவிடுவீர்கள் அல்லவா? அந்தப் பதவிக்கான தேர்வுக் குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது. என்னால் போக முடியாது என்று புரிகிறது, மூத்த சக ஆசிரியரிடம் விவரம் சொல்லி வைத்திருக்கிறேன். மாடியில் உடைந்த மேசைகளை எல்லாம் அப்புறப்படுத்திப் பேராசிரியருக்கென்று ஓர் அறை தயார் செய்திருக்கிறோம், நல்ல வெளிச்சம் வரும். அந்தப் பெண்ணைப் பேராசிரியர் வீட்டில் கொண்டுபோய் விடும்போது அவர் அங்கே இருப்பார். என் பெயரை எடுக்க வேண்டாம், அவருக்குச் சங்கடமாக இருக்கும். இனி ஒரு தடையும் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்.